செயலாளரின் ஆண்டறிக்கை 2024: பரமேஸ்வரா வளவும் கம்பஸ் வளவும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இளையோரே,

திருநெல்வேலியில் இயங்கும் எமது சனசமூக நிலையத்தின் 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இப்பொதுச்சபை முன் வைக்கிறேன். வழமையான அலுவல்களை முதலில் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு எங்கள் மாலை நேரங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வாசிகசாலை வருடம் முழுவதும் திறந்திருந்தது. காலைப் பத்திரிகைக்கு வரும் பெரியவர்களின் தொகை குறையவில்லை. பின்னேரம் வரும் பிள்ளைகளின் தொகை குறைந்துதான் இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பும், சாதாரண தரக் கணித வகுப்பும் தடையின்றி நடந்தன. கணித வகுப்பை நடத்தியவர்கள் எங்கள் ஒழுங்கை வீடுகளில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் மூவர். ஒரு சதமும் வாங்காமல் சோதனைக் காலத்திலும் வந்தார்கள். டெங்குச் சிரமதானம், வாணி விழா, பொங்கல் விளையாட்டு ஆகியவை வழமைபோல நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

இந்த ஆண்டு எமது மூத்த உறுப்பினர் இருவரை இழந்தோம். இருவருமே பரமேஸ்வராக் கல்லூரியில் படித்தவர்கள். அவர்களுக்காக இச்சபை ஒரு நிமிடம் எழுந்து நின்றது. அவர்களை நினைத்துக்கொண்டேதான் இனிச் சொல்லப்போவதை எழுதினேன்.

இது தொடங்கியது பெப்ரவரிச் செயற்குழுக் கூட்டத்தில். ஒக்டோபர் 6 ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஐம்பது ஆண்டைத் தொடுகிறது, ஊர் என்ற முறையில் நாங்கள் என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். வாழ்த்துப் பதாகை, கருத்தரங்கு என்று பேச்சுப் போனது. அப்போது எங்கள் இளையோர் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை கேட்டார்: “பலாலி வீதியில் இருக்கிற சந்தியை எல்லாரும் பரமேஸ்வராச் சந்தி என்கிறோமே, அந்தப் பரமேஸ்வரா எங்கே?” கோயிலைச் சொல்லி ஒருவர் பதில் சொன்னார். கோயில் பரமேஸ்வரன் கோயில், பரமேஸ்வரா என்றால் வேறு ஏதோ இருந்திருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை விடவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது பல்கலைக்கழக மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். அவருக்கே தெரியவில்லை. தெரியாமல் போனது அவருடைய பிழையில்லை, சொல்லாமல் விட்டவர்கள் நாங்கள். பதாகைக்கு ஒதுக்கிய பணத்தை மாற்றி, பல்கலைக்கழகம் நிற்கும் வளவில் முன்பு இருந்த பரமேஸ்வராக் கல்லூரியின் கதையைச் சேகரிப்பது என்று அன்றே தீர்மானித்தோம்.

சேகரித்ததன் சாரத்தை இச்சபைக்கு அறிக்கையிடுவது என் கடமை.

பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆண்டு 1921. அப்போது அவருக்கு எழுபது வயது. சட்டத்துறையில் சொலிசிட்டர் ஜெனரல் பதவி வரை வகித்து, 1911 இல் படித்த இலங்கையர் அனைவருக்குமான சட்டசபை ஆசனத்துக்கு நடந்த முதல் தேர்தலில் வென்று, 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின் பின் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடி, வாழ்க்கையில் ஒரு மனிதர் செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்த வயதில் அவர் திருநெல்வேலிச் செம்மண்ணில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். அதற்கு எட்டு வருடம் முன்னர், 1913 இல், மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். பெண்பிள்ளைகளுக்கு முதலில், ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இந்த ஒழுங்கு சாதாரணமானதில்லை என்பதை எங்கள் மாதர் பிரிவு குறிப்பாகப் பதிவுசெய்யச் சொன்னது.

ஏன் கட்டினார் என்பதும் விளங்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியின் வாசலைத் திறந்தவர்கள் மிஷனரிமார். 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் அமைத்த செமினரி 1855 இல் மூடப்படும் வரை இந்தப் பக்கத்தில் உயர்கல்வி என்றால் அதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் முதன்முதல் பட்டம் வழங்கியபோது அதைப் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியின் பிள்ளைகள். ஏட்டுச் சுவடிகளில் கிடந்த சங்க நூல்களையும் இலக்கண நூல்களையும் அச்சேற்றியவர்களில் முன்னோடி இந்தத் தாமோதரம்பிள்ளை. மிஷனரிக் கல்வியின் தரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அதை அழித்துவிட்டு இருக்கும் நிலை பிள்ளைகளுக்கு இருக்கக்கூடாது என்று நாவலர் காலத்திலிருந்தே சைவர்கள் கவலைப்பட்டார்கள். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. அந்த வழியில் வந்ததுதான் பரமேஸ்வரா. பெயரிலும் சிவன், வளவுக்குள்ளே கோயிலும் சிவனுக்கு. கொழும்பு கொச்சிக்கடையில் தந்தையார் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் மீண்டும் கட்டுவித்தவருக்குக் கோயிலில்லாத கல்லூரி ஒன்றைக் கட்ட மனம் வந்திருக்காது.

இந்தக் கல்லூரி ஒரு நாள் பல்கலைக்கழகமாக வளரவேண்டும் என்று இராமநாதன் நினைத்தார் என்பது எங்கள் ஊரில் வழிவழியாக வந்த பேச்சு. எங்கள் மூத்தோர் எல்லாருமே அதைத் தங்கள் தகப்பன்மார் வாயால் கேட்டிருக்கிறார்கள். அவருடைய குடும்பத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சில் வியப்பில்லை. தம்பி அருணாசலம் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இலேயே சங்கம் கூட்டிக் குரல் கொடுத்தவர். தாய்வழி மைத்துனர் ஆனந்த குமாரசுவாமியும் அதே குரலைக் கொடுத்தவர். பேராதனையில் இன்றும் ஒரு விடுதிக்கு இராமநாதன் பெயர், ஒரு விடுதிக்கு அருணாசலம் பெயர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்த விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். தாங்கள் படுத்துறங்கிய கட்டடத்தின் பெயருக்குரியவரே தங்கள் வீட்டு ஒழுங்கைக்கு முன்னால் ஒரு கல்லூரியைக் கட்டியவர் என்று அவர்களில் எத்தனை பேர் அப்போது நினைத்திருப்பார்கள்?

இராமநாதன் 1930 நவம்பர் 26 இல் காலமானார். அவரது சமாதி மருதனார்மடத்தில், இராமநாதன் கல்லூரி வளவில் இருக்கிறது. பரமேஸ்வராவை நெடுங்காலம் தாங்கியவர் மருமகன் சு. நடேசபிள்ளை. தமிழகத்திலிருந்து வந்து இந்த மண்ணோடு கலந்துபோனவர். அதிபராக இருந்துகொண்டே 1934 இல் காங்கேசன்துறைத் தொகுதிக்கு அரசாங்க சபை உறுப்பினரானார். 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவைத் தோற்கடித்தவரும், பிறகு அமைச்சராக இருந்தவரும் இவர்தான். அவருடைய அரசியலைப் பற்றி எங்கள் மூத்தோரிடையே இன்றைக்கும் ஒருமித்த கருத்தில்லை. ஒரு கூட்டம் அந்த வாக்குவாதத்திலேயே முடிந்தது. ஆனால் அவருடைய தமிழைப் பற்றியும் இசை ரசனையைப் பற்றியும் இரண்டு கருத்து வரவில்லை.

அடுத்து வந்தது 1960. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் அந்த ஆண்டு வந்தது. 1961 இல் துணைச் சட்டம் ஒன்றும் வந்தது. மிஷன் பாடசாலைகள், சைவப் பாடசாலைகள் என்று பாராமல் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பரமேஸ்வராவும் போனது. பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்னார். அதே வகுப்பு, அதே வாங்கு, அதே வாத்தியார். ஆனால் வளவின் உறுதி யாருடைய கையில் இருக்கிறது என்பது மாறிவிட்டது. பதின்மூன்று வருடம் கழித்து அந்த மாற்றத்தின் பொருள் விளங்கியது.

1970களின் தொடக்கத்தை இங்கே இருக்கும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் வீட்டில் இருந்த காலம். தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை 1950களிலிருந்தே இருந்தது. திருகோணமலையில் அமையவேண்டும் என்று தமிழரசுக் கட்சி நின்றது, யாழ்ப்பாணத்தில் வேண்டும் என்று மற்றொரு பக்கம் நின்றது. இந்த விவாதத்தில் வருடங்கள் போயின. 1972 இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனத்தின் வளாகங்களாக ஆக்கப்பட்டன. அந்த அமைப்பின் கீழ் 1974 ஓகஸ்ட் 1 இல் யாழ்ப்பாண வளாகம் தாபிக்கப்பட்டது. ஒக்டோபர் 6 இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா வந்து திறந்துவைத்தார். தாபித்ததற்கும் திறந்ததற்கும் இடையே இரண்டு மாதம். இரண்டு மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்ட முடியாது. கட்டி முடித்த ஒன்று தேவைப்பட்டது. அரசின் கையில் இருந்தது பரமேஸ்வரா. கட்டடம், விளையாட்டு மைதானம், கோயில், கிணறு, நிழல் மரம் எல்லாம் தயாராக இருந்தன. அறிவியல் பீடத்துக்கு வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்கள் எடுக்கப்பட்டன. பழைய செமினரி இருந்த ஊருக்கே, அது மூடப்பட்டு ஏறக்குறைய நூற்றிருபது வருடம் கழித்து, பல்கலைக்கழகப் பீடம் ஒன்று வந்தது. அறிவியல் பீடமும் பின்னர் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது.

1960 இல் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், 1974 இல் வளாகம் திறந்தபோதும் கல்வி அமைச்சர் அவரே. இதை எங்கள் கலந்துரையாடலில் எடுத்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். முதல் சட்டம் இல்லாவிட்டால் இரண்டாவது திறப்பு விழா இவ்வளவு விரைவாக நடந்திருக்காது என்பது அவர் வாதம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இங்கேதான் எங்கள் ஊரின் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக இருக்கின்றன. பல்கலைக்கழகம் வந்த நாளில் பரமேஸ்வரா என்ற கல்லூரி இல்லாமல் போனது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வேறு பாடசாலைகளுக்குப் போனார்கள். ஒரு பாடசாலை மூடப்படும்போது பிரியாவிடை விழா நடக்கும், கடைசி மணி அடிக்கும். அப்படியொன்றும் எங்கள் உறுப்பினர்களின் நினைவில் இல்லை. ஒருவர் தம்முடைய விடுகைப் பத்திரத்தை இன்னும் வைத்திருக்கிறார். பிளாஸ்ரிக் உறையில் போட்டு, மகளின் கலியாண அல்பத்துக்குள் வைத்திருந்தார். ஊரெல்லாம் வரவேற்ற ஒரு நல்ல காரியத்துக்காகத் தன் பள்ளிக்கூடம் போனதால், அதற்காகக் கவலைப்படுவது கூடச் சரியா என்று தனக்கு அந்த வயதில் விளங்கவில்லை என்றார். ஐம்பது வருடம் கழித்து ஒரு பொது இடத்தில் அதைச் சொல்ல முடிந்தது என்பதே எங்களுக்கு இந்த ஆண்டின் பெரிய பேறு.

வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தவர், பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், தமிழ் இலக்கிய விமர்சனத்துக்குப் புதிய பாதை போட்டவர். இருந்த கட்டடங்களை வைத்துக்கொண்டு, நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் ஆசிரியர்களைக் கூட்டிவந்து ஒரு பல்கலைக்கழகத்தை ஓடவைத்தவர். 1982 டிசம்பர் 6 இல், நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டார். கைலாசபதி கலையரங்கு என்று நாங்கள் போய் நாடகமும் பட்டமளிப்பும் பார்க்கும் மண்டபம் அவர் பெயரில் நிற்கிறது.

அடுத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், 1979 சனவரி 1 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தர் இவர். 1924 இல் பிறந்தவர் என்பதால் இந்த ஆண்டு அவருக்கு நூற்றாண்டு. மே மாதம் வாசிகசாலையில் சிறு கூட்டம் வைத்தோம். பேராதனையில் இருந்த காலத்தில் மட்டக்களப்பு மன்னார் பக்கமெல்லாம் போய், நாட்டுக்கூத்தை அண்ணாவிமாரிடமிருந்து வாங்கிவந்து நகர மேடையில் ஏற்றியவர் அவர். 1974 சனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை எத்தனையோ தடைகளை மீறி யாழ்ப்பாணத்தில் நடத்தியவரும் அவரே. அந்த மாநாட்டின் கடைசி நாளான சனவரி 10 இல் நடந்த உயிரிழப்பும், ஒக்டோபரில் நடந்த திறப்பு விழாவும் ஒரே ஆண்டுக்குள் வருகின்றன. அந்த ஆண்டை இளையோருக்கு விளங்கப்படுத்துவது எங்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஒரே மாலையில் முடிக்க நினைத்த கூட்டத்தை இரண்டு மாலையாக நடத்தினோம்.

வளாகம் திறந்த முதல் வருடங்களில் தெற்கிலிருந்து சிங்கள மாணவர்களும் இங்கே வந்து படித்தார்கள் என்பது எங்கள் பிள்ளைகள் பலருக்குப் புதிய செய்தி. 1977 கலவரத்தோடு அவர்கள் போனார்கள், தெற்கில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். தன் தாயார் அந்த மாணவர்களில் சிலருக்குச் சமைத்துக் கொடுத்ததை எங்கள் மாதர் பிரிவு உறுப்பினர் ஒருவர் சொன்னார். தேங்காய்ச் சம்பலில் உறைப்புக் காணாது என்று அவர்கள் சொல்வார்களாம். இப்போது மறுபடியும் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் எங்கள் ஒழுங்கைகளில் சைக்கிளில் போகிறார்கள்.

போர்க்கால வருடங்களை விரிவாக எழுதவில்லை. இச்சபையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதற்குச் சாட்சி. ஆனால் பதிவுக்கு மூன்றைச் சொல்லவேண்டும். 1987 ஒக்டோபர் 11 இரவு இந்திய இராணுவம் ஹெலிகொப்டர்களில் வந்து பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கியது. பரமேஸ்வராப் பிள்ளைகள் பந்தடித்த நிலம் விடியும்போது போர்க்களமாகக் கிடந்தது. 1989 செப்டெம்பர் 21 இல் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் எங்கள் ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபர் 30 இல் ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது பல்கலைக்கழகமும் ஊரோடு சேர்ந்து வெளிக்கிட்டது, அடுத்த ஆண்டு ஊரோடு திரும்பி வந்தது. அந்த இடப்பெயர்வில் எங்கள் வாசிகசாலையின் பழைய இடாப்புகளும் போயின. பரமேஸ்வராவின் எத்தனை புகைப்படங்கள் வீடுகளில் விட்டுவந்த பெட்டிகளோடு போயின என்பதை யாரும் கணக்கெடுக்க முடியாது.

அத்தனைக்கும் இடையில் பல்கலைக்கழகம் வளர்ந்தது. 1978 இல் மருத்துவ பீடம், 1984 இல் கைதடியில் சித்த மருத்துவம், 1990 இல் விவசாய பீடம், போருக்குப் பிறகு கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம். வவுனியாவில் இருந்த வளாகம் 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எங்களை ஒரு நாள் முழுக்கப் பேசவைத்தது மருதனார்மடம். 1960 இல் அங்கே தொடங்கிய இராமநாதன் இசைப் பள்ளியில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்தார். 1975 இல் அது வளாகத்தோடு இணைந்தது. இன்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரிலேயே ஆற்றுகை, காண்பியக் கலைகளுக்கான பீடமாக இருக்கிறது. இந்து நாகரிகப் பிள்ளைகளுக்கும் 2019 இல் தனியாக இந்துக் கற்கைகள் பீடம் வந்தது. சைவப் பிள்ளைகளின் உயர்கல்விக்காக நிலம் வாங்கிக் கல் வைத்தவரின் பெயரும் நோக்கமும் இப்படி வேறு வழியால் அந்த வளவுக்கே திரும்பிவந்திருக்கின்றன. வீதிக்கு அவர் பெயர், பீடத்துக்கு அவர் பெயர், சந்திக்குக் கல்லூரியின் பெயர். கல்லூரி மட்டும் பெயராக மாத்திரம் இருக்கிறது.

எங்கள் ஊரவர் பேச்சில் இன்றைக்கும் அது கம்பஸ்தான். தனிப் பல்கலைக்கழகமாகி நாற்பத்தைந்து வருடமாகியும் “கம்பஸுக்குப் போறன்”, “கம்பஸடியில் இறங்கு” என்றுதான் சொல்கிறோம். 1974 முதல் 1978 வரை நாலரை வருடமே இருந்த பெயர் நாக்கில் நின்றுவிட்டது. ஐம்பத்து மூன்று வருடம் இருந்த பெயர் ஒரு சந்தியில் ஒதுங்கிவிட்டது. இளையோர் பிரிவு தயாரித்த சுவர்ப்பத்திரிகைக்கு ‘பரமேஸ்வரா வளவும் கம்பஸ் வளவும்’ என்று தலைப்பு வைத்ததும் இதனால்தான். வளவு ஒன்றுதான்.

செப்டெம்பரில் ஊர் நடை ஒன்றை ஒழுங்குசெய்தோம். பரமேஸ்வராச் சந்தியில் தொடங்கி, இராமநாதன் வீதியால் நடந்து, கோயிலில் கும்பிட்டு முடித்தோம். பழைய மாணவர் ஒருவரைப் பேரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தான். அவர் மதிலோரம் நின்று கைத்தடியால் காட்டிக்காட்டிச் சொன்னார், எங்கே மணி தொங்கியது, எங்கே வரிசையில் நின்று தேவாரம் பாடினார்கள், எந்த மரத்தின் கீழ் அடி வாங்கினார் என்று. கோயில் வாசலில் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. அவர் படித்த வளவில் மாறாமல் இருப்பது அந்தக் கோயில்தான். அவர் சொன்னதையெல்லாம் இளையோர் கைப்பேசியில் பதிந்து, எழுத்தாக்கியும் வைத்திருக்கிறார்கள். அவர்தான் இந்த ஆண்டு எங்களை விட்டுப் போன இருவரில் ஒருவர்.

ஒக்டோபர் 6 அன்று வாசிகசாலையில் சிறு கண்காட்சி வைத்தோம். ஊர் வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய புகைப்படங்கள், தேர்ச்சி அறிக்கைகள், பரிசுப் புத்தகங்கள், கிழிந்த பாடக்கொப்பி ஒன்று, அந்த விடுகைப் பத்திரம். பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ஐம்பது வருடத்துக்கான காலக்கோடு. பல்கலைக்கழக மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். தாங்கள் தினமும் போகும் இடத்தில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது தெரியாது என்று பலர் சொன்னார்கள். ஒரு மாணவி அரை மணித்தியாலம் நின்று ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தில் இருந்த பெயர்களையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இனி மனதுக்குக் கஷ்டமான ஒன்றை அறிக்கையிடவேண்டும். நவம்பர் கடைசியில் வந்த பெருமழையில் நிலையத்துக்குள் தண்ணீர் ஏறியது. இரவல் படங்களில் ஒரு பகுதியை இன்னும் திருப்பிக் கொடுக்காமல் அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தோம். வைத்தது நான். மேல்தட்டில் வைத்திருக்கவேண்டும், அல்லது ஒக்டோபரிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கவேண்டும். அன்று இரவு இளையோர் நால்வர் முழங்காலளவு தண்ணீரில் வந்து அவற்றை எடுத்து, வெள்ளைத் துணியில் விரித்து, விசிறியின் கீழ் விடியும்வரை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். பெரும்பாலானவை தப்பின. மூன்று படங்களில் முகங்கள் கரைந்துவிட்டன. முன்கூட்டியே கைப்பேசியில் எடுத்து வைத்திருந்ததால் பிரதி இருக்கிறது, மூலம் இல்லை. அந்த மூன்று வீடுகளுக்கும் தலைவரும் நானும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒரு வீட்டு அம்மா கோபிக்கவில்லை, தேத்தண்ணி தந்தார். “இடப்பெயர்வுக்கு எடுத்துக்கொண்டு ஓடி, திரும்ப எடுத்துக்கொண்டு வந்த படம் தம்பி” என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இனிமேல் எந்தப் படத்தையும் நிலையத்தில் வைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டோம். வீட்டிலேயே வைத்துப் பிரதி எடுத்து, அன்றே கையில் கொடுத்துவிட்டு வருவோம்.

பரமேஸ்வராவின் சேர்விடாப்பு, வரவு இடாப்பு, அதிபர் குறிப்பேடு ஆகியவை எங்காவது இருக்கின்றனவா என்று சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்கு ஏப்ரலில் கடிதம் எழுதினோம். யூலையில் நினைவூட்டல் அனுப்பினோம். செப்டெம்பரில் நேரில் போனோம். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள், கடைசியில் கடிதக் கோவையையே காணவில்லை என்றார்கள். அங்கே இருப்பவர்களோடு எங்களுக்குக் கோபம் இல்லை, ஆனால் விடப்போவதும் இல்லை. ஐம்பத்து மூன்று வருடம் ஒரு கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் அந்த இடாப்புகளில் இருக்கும். அவை கறையான் தின்றுபோயிருந்தால் அதையாவது எழுத்தில் தாருங்கள் என்று மறுபடியும் கேட்கப்போகிறோம்.

நினைவுச் சின்னம் ஒன்றின் பெறுமதியை அந்த வளவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2021 சனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்கள் வாசலில் இருந்த இருப்பும், ஏப்ரலில் அது மீண்டும் எழுந்ததும் எங்கள் கண்முன் நடந்தவை. அவ்வளவு பெரிதாக நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. 1921 முதல் 1974 வரை இங்கே பரமேஸ்வராக் கல்லூரி இருந்தது என்று ஒரு கல், வாசலுக்கு அண்மையில், போகிற பிள்ளை நின்று வாசிக்கக்கூடிய உயரத்தில். நூலகத்தில் ஓர் அலுமாரி, நாங்கள் சேர்த்த பிரதிகளையும் குரல் பதிவுகளையும் வைப்பதற்கு. ஐம்பது வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர் என்று வாழ்வு கொடுத்த பல்கலைக்கழகத்தோடு எங்களுக்கு வழக்கொன்றும் இல்லை. எங்கள் ஒழுங்கைகளின் வருமானமும் அதால்தான் வருகிறது. அறை வாடகை, சாப்பாட்டுக்கடை, போட்டோக்கொப்பிக் கடை, தையல் எல்லாம் கம்பஸை நம்பித்தான். முன்பு மரக்கறியும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள் வீடுகளாகியதைப் பற்றி வருத்தப்படும் பெரியவர்கள்கூட மாடியில் இரண்டு அறை கட்டி மாணவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறோம்.

வரும் ஆண்டுக்கு இப்பொதுச்சபையின் அங்கீகாரத்துக்காகச் செயற்குழு முன்வைப்பவை: மேற்சொன்ன கல்லுக்கும் அலுமாரிக்குமான கோரிக்கைக் கடிதத்தைப் பொதுச்சபையின் பெயரில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது, கல்லின் செலவை நிலையமும் பழைய மாணவரும் ஏற்பது. பரமேஸ்வராவில் படித்த எல்லோரையும் வீடு வீடாகப் போய்க் கண்டு பதிவுசெய்வது. கடைசி வகுப்புகளில் இருந்தவர்களுக்கே இப்போது அறுபது கடந்துவிட்டது, ஆகையால் இதைச் சித்திரைக்கு முன் தொடங்கவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களை அவர்களின் உறவினர் மூலம் வீடியோ அழைப்பில் பேசவைக்க இளையோர் பிரிவு பொறுப்பெடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு படமோ, பரிசுப் புத்தகமோ, அதிபரின் கையெழுத்திட்ட ஒரு துண்டோ இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். கணித வகுப்பு நடத்திய மாணவர் மூவருக்கும், வெள்ள இரவில் வந்த நால்வருக்கும், படங்களை நம்பித் தந்த வீடுகளுக்கும், ஊர் நடை அன்று மோர் கரைத்து வைத்த மாதர் பிரிவுக்கும், சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்கும், கோயில் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்து பூசை செய்த ஐயருக்கும், கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கும் நிலையத்தின் சார்பில் நன்றி. அவர் இந்த ஆண்டு முதல் செயற்குழுவில் உதவிச் செயலாளராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். பெயரை முன்மொழிகிறேன், சபை வழிமொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுச்சபையை வேண்டி அமர்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.